ரத்தம் பொய் சொல்லாது என்றவள் நான்

எங்கள் ஊரில் குடித்துவிட்டு அடிதடி செய்தவனுக்கு ஒரு தண்டனை உண்டு. சாயங்கால மணி அடித்ததும் மாதா கோயிலின் பின்வாசலில் வந்து நிற்க வேண்டும். கோயில்பிள்ளை வெளியே வருவார். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பீடத்துக்குத் துணி மாற்றுவது எல்லாம் அவர் வேலை. அதோடு இதுவும் ஒன்று. "ஊதுலே" என்பார். நின்றவன் வாயைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக ஊத வேண்டும். வாடை இல்லையென்றால் தலையை ஆட்டுவார், போகலாம். இப்படி ஆறு மாதம், ஒருநாள் விடாமல்.

ஊர் ராமேஸ்வரம் தீவில், வடகடல் பக்கம் இருக்கிறது. பேர் வேண்டாம். அந்த ஆட்களெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் சிரிக்கவும் செய்கிறார்கள்.

அந்தப் பின்வாசலில் என் அண்ணன் நின்றதை ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். இரண்டாயிரத்து ஐந்து, டிசம்பர் பிறந்த மறுநாள். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நாற்பது வயது ஆள், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, எழுபது வயதுக் கிழவர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தான். பெண்கள் தண்ணீர்க்குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "மாப்ள நல்லா ஊது, மெழுகுவத்தி அணையட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

அண்ணன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வருஷம் குடித்தான். கரைக்கு வந்த மீன் சந்தைக்குப் போகும், இவன் சாராயக்கடைக்குப் போவான். போதையில் ஒருநாள் படகிலிருந்து படகுத்துறைப் பாலத்துக்குத் தாண்டும்போது கால் தவறி, நங்கூரத்தின் மேல் மண்டை அடிபட விழுந்தான். மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தான். பிழைத்து வந்தான். ஆனால் வலிப்பும் கூடவே வந்தது. வந்தும் குடியை விட்டானா? விடவில்லை. அப்புறம் ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று மதினியின் கையை முறுக்கினான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மதினி அந்தக் கையோடே ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு தொண்டிக்குப் போய்விட்டாள், தாய் வீட்டுக்கு.

அவள் போன மறுநாள் குடியை விட்டான். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரியாது.

மதினி வீட்டாரும் எங்கள் ஊர்க்கமிட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். டிசம்பரிலிருந்து மே வரை ஆறு மாதம் அண்ணன் குடிக்காமல் இருக்க வேண்டும். இருந்தால், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே மதினியும் மகளும் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். ஒரே ஒரு தரம் தவறினாலும் தொண்டியிலேயே மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள், அண்ணன் அந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. அண்ணன் சரி என்றான். அவனுக்கு வேறு என்ன இருந்தது?

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். நான் ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். எங்கள் தெருவில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. நேரே ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"வாயை மோந்து பாக்குறது என்ன மாமா பழக்கம்? காலையில குடிச்சா சாயங்காலம் வாடை இருக்குமா? கொய்யா இலையை மென்னுட்டு வந்தா உங்க கோயில்பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அப்ப வேற என்னத்தா செய்யச் சொல்ற?"

"ரத்தத்துல பாக்கலாம். ஜி.ஜி.டி.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ஈரல்ல இருந்து வர்ற சமாச்சாரம். குடிக்கிறவனுக்கு ஏறி நிக்கும், நிறுத்தினா தன்னால இறங்கும். மாசத்துக்கு ஒரு தரம் எங்க லேபுக்கு அனுப்புங்க, நானே பாத்து ரிப்போர்ட் தாரேன். வாய் பொய் சொல்லும் மாமா, ரத்தம் பொய் சொல்லாது."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. என் நாக்கு அழுகிப் போயிருக்கலாம். தலைவருக்கும் அது பிடித்துப்போனது. கமிட்டியில் சொன்னார். கூடப்பிறந்தவளே பார்த்துத் தருகிறாள், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். பின்வாசலில் ஊதுவது அன்றோடு நின்றது. ஊரில் அதற்குக் குடி டெஸ்டு என்று பேர் வந்தது. அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

அண்ணன் மாதா மாதம் முதல் வாரத்தில் பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவான். வெளுத்த சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பான். என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுவான். ஊசி ஏறும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நடுக்கடலில் திருக்கை வாலில் அடிபட்டவன், என் ஊசிக்குப் பயப்படுவான். "மெதுவாத்தா" என்பான்.

டிசம்பரில் இருநூற்று நாற்பது வந்தது. ஐம்பதுக்கு மேலே போகக் கூடாது. பழைய குடி, போகப் போக இறங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரியில் நூற்று முப்பது. பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது. கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். தலைவர் போன் போட்டு, "உன் மெஷின் நல்லா வேல செய்யுதும்மா" என்றார்.

ஜனவரிக் கடைசியில் அண்ணனுக்குக் கடற்கரையில் வைத்து ஒரு வலிப்பு வந்தது. வலை கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மதுரைக்குப் போய்க் காட்டினான். வலிப்புக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததை ராத்திரிக்கு மூன்றாக ஏற்றி எழுதினார்கள். கடலுக்குப் போகாதே, அடுப்புப் பக்கம் போகாதே, கிணற்று விளிம்பில் உட்காராதே என்று அப்போதும் சொல்லி அனுப்பினார்கள். அவன் கரையிலேயே வலை கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? வலி, அதாவது வலிப்பு, திரும்ப வந்துவிட்டது என்றால் குடி திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊருக்குக் குடியும் வலிப்பும் ஒன்றுதான். ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுவார்கள்.

வலிப்பு வந்து கிடந்ததால் அடுத்த டெஸ்ட்டுக்குப் பிப்ரவரிக் கடைசியில்தான் வந்தான். நூற்று எழுபத்தைந்து வந்தது.

நம்பாமல் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். நூற்று எழுபத்தெட்டு. பாவி, குடித்துவிட்டான். ஊருக்கு முன்னால் என்னை நிறுத்தி என் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டான். எனக்கு முதலில் வந்த நினைப்பு இதுதான். அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்று நான் நினைக்கவில்லை. என் மூஞ்சியைத்தான் நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து இதில் பொய் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை.

மார்ச் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் கமிட்டி கூடியது. தலைவர் ரிப்போர்ட்டை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்று மாதத்து எண்களையும் வரிசையாகச் சொன்னேன். இறங்கிக்கொண்டு வந்தது ஏன் ஏற வேண்டும் என்று தலைவர் கேட்டார்.

"குடிச்சிருக்கணும்" என்றேன்.

அண்ணன் பின்பெஞ்சியிலிருந்து எழுந்தான். "மாதா மேல சத்தியமா, எம்மக மேல சத்தியமா நான் தொடல" என்றான். அந்தச் சத்தியத்தை எங்கள் ஊர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறது. ஒருத்தன் செருமினான். ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான்.

கோயில்பிள்ளை அப்போது ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கமிட்டியில் பேச உரிமை கிடையாது. ஆனாலும் பேசினார்.

"தலைவரே, ஊதச் சொல்றத நிப்பாட்டினாலும் இவன் தெனமும் சாயங்காலம் பின்வாசலுக்கு வாரான். அவனா வந்து ஊதிட்டுப் போறான். ஒரு நாளும் எனக்கு வாடை அடிக்கலையே. முப்பது வருசமா மோந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு அது புதிது. நானே நிறுத்திக் கொடுத்த அவமானத்தைத் தேடிப் போய் அவன் தினமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஒருத்தராவது சாட்சிக்கு இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. அந்த இடத்தில் என் புத்தி கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தது?

"தாத்தா, உங்க மூக்கு ஏமாறும். மெஷின் ஏமாறாது" என்றேன்.

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. கிழவர் என்னையே பார்த்தார். "நீ படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு மணிக்கயிற்றுப் பக்கம் போய்விட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்.

ஒரு தரம் தவறினாலும் போச்சு என்பதுதான் பேச்சு. ஆனால் தலைவர் கொஞ்சம் இளகினார். மே மாதத்துக்குள் எண் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் தொண்டிக்குத் தகவல் சொல்லிவிடுவோம் என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுவாரம் லேபுக்கு வந்தான். ரத்தம் எடுக்கிற நாள் இல்லை அது, அடுத்தது ஏப்ரலில்தான். மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம். வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை.

"ஏத்தா, குடிக்காட்டியும் அது ஏறுமா?"

"என்னத்தைக் குடிச்ச? அரிஷ்டம் கிரிஷ்டம் ஏதும் வாங்கிக் குடிச்சியா? இருமல் மருந்து? புளிச்ச பதனி?"

"ஒண்ணும் இல்லத்தா. டீயும் கஞ்சியும்தான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தான். "இந்த வலி மாத்திரை கூட்டிக் குடுத்தாகள்ல, அதுக்கப்புறம்தான் ஏறியிருக்கு. இதுனால இருக்குமோ? ஈறு வேற வீங்கிக் கெடக்கு, பாரு."

வாயைத் திறந்து காட்டினான். ஈறு தடித்து, முன்பல்லைப் பாதி மூடிக்கொண்டு வந்திருந்தது. நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"குடிகாரனுக்கு ஆயிரம் சாக்கு. இப்ப மாத்திரை மேல பழியைப் போட வந்துட்டியா? உன் வாயில வர்றதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. மகளைப் பாக்கணும்னு ஆசை இருந்தா ஒழுங்கா இரு, போ."

அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "சரித்தா, வாரேன்" என்றான். போய்விட்டான். நான் அடுத்த ஆளின் மூத்திரப் பாட்டிலில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

என் வலது கைப்பக்கம் ஃபிரிட்ஜ். அதன் இரண்டாவது தட்டில் ஜி.ஜி.டி. டெஸ்ட்டுக்கான மருந்துப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும், பொடி எழுத்தில். டெஸ்ட்டை எப்படிச் செய்வது, என்னென்ன காரணத்தால் கூடும், குறையும் எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்முறையை மட்டும் படித்தேன். அப்புறம் பெட்டி வந்ததும் தாளை உருவி, மேஜைக்காலுக்கு அண்டை கொடுக்கவும் கை துடைக்கவும் வைத்துக்கொள்வேன். அன்றைக்கு எழுந்து நாலடி நடந்திருந்தால் போதும்.

ஏப்ரலில் எண்பத்து நான்கு வந்தது.

மே முதல் வாரம் நாற்பத்து நான்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லேபிலேயே கையைத் தட்டினேன். அண்ணனிடம், "பாத்தியா? மனசு வச்சா முடியும்ல? இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றேன். அவன் சிரித்தான். "ஆமாத்தா" என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் லட்டு வாங்கி அவன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

கமிட்டியில் தலைவர் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டிப் பேசினாராம். மெஷின் வந்த பிறகுதான் இவன் பயந்து திருந்தினான், இனி எல்லாருக்கும் இதுதான் என்றாராம். மே மாதம் இருபதாம் தேதி மதினியும் மகளும் தொண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நானும் போயிருந்தேன். அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தான். மகளுக்குப் புதுப் பை, ஸ்லேட்டுக்குப் பதில் நோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கி வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். மதினி அடுப்படிக்குள் நுழைந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "எல்லாம் புதுசு, நல்லாப் பாத்துக்க" என்றான். அந்த ஒருநாள் அந்த வீட்டில் நான் சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. மாதக் கடைசியில் தடை முடிந்ததும் எல்லாரும் கடலுக்குக் கிளம்பினார்கள். அண்ணனும் போகிறேன் என்றான். வலிப்பு வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. குடிதான் போய்விட்டதே, இனி வலி எங்கே வரப்போகிறது என்று ஊரே சொன்னது. தலைவரே படகுக்காரரிடம், "மனுசன் ஆயிட்டான், ரத்தம் சுத்தமா இருக்கு, ஏத்திக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். மதுரையில் கடலுக்குப் போகாதே என்று சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் ரிப்போர்ட்டை வைத்துத்தானே அவனை ஏற்றினார்கள், எனக்கு அது கௌரவமாக இருந்தது.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குக் கை கால் இழுத்திருக்கிறது. பக்கத்தில் நின்றவன் பிடிக்கப் போவதற்குள் படகின் பின்பக்கமிருந்து கடலில் விழுந்துவிட்டான். நீந்தத் தெரிந்த ஆள்தான். வலிப்பில் எவன் நீந்துவான்? மூன்று பேர் குதித்துத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தான்.

கரைக்குக் கொண்டுவந்து போடுவதற்குள் ஊர் பேசி முடித்துவிட்டது. குடித்துவிட்டு விழுந்துவிட்டான். பொண்டாட்டி வருகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு இருந்தான், வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. படகில் கூட இருந்தவர்கள் இல்லை இல்லை என்றார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் குடித்திருப்பார்கள் என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது. நானும் நம்பினேன். மதினியின் தோளில் விழுந்து, "உன்னைய ஏமாத்திட்டானே மதினி" என்று கத்தினேன். அவள் என்னைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பொம்மை மாதிரி நின்றாள். மண்ணெடுத்துப் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு தொண்டிக்குப் போய்விட்டாள்.

வீட்டைப் பூட்டுமுன் சாமான்களை ஒழுங்குபடுத்தினது நான்தான். வலை கட்டுகிற நூல்கண்டுகள் போட்டு வைக்கிற மரப்பெட்டியில், நூலுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. மதுரையில் மாதா மாதம் கொடுத்தது, மார்ச்சிலிருந்து. அவன் தவறாமல் போய் வாங்கியிருக்கிறான், தவறாமல் போடாமல் இருந்திருக்கிறான். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் லேபுக்குப் போனதும் புதுப் பெட்டியை உடைத்து அந்தத் தாளை விரித்தேன். கடைசிப் பக்கம், கீழேயிருந்து ஏழாவது வரி. எந்தெந்த மருந்து சாப்பிட்டால் ஜி.ஜி.டி. கூடும் என்று போட்டிருந்தது. அண்ணன் மேஜை மேல் வைத்த அட்டையில் இருந்த அதே பேர், முதல் பேராக இருந்தது.

ஒரு துளி குடிக்காதவனுக்கும் ஏறும். மாத்திரையைக் கூட்டினால் இன்னும் ஏறும். நிறுத்தினால் இறங்கும். அவ்வளவுதான் விஷயம். இரண்டு மாதத்தில் அவன் ரத்தத்திலிருந்து போனது சாராயம் இல்லை, அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மருந்து. அதற்கு நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிற டாக்டரிடம் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "வலிப்பு மாத்திரை சாப்பிடுறவனுக்கு ஏறத்தானம்மா செய்யும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே. நீ கேக்கவே இல்லையே?" என்றார். அண்ணனின் ஐந்து ரிப்போர்ட்டிலும் இருந்தது அவர் கையெழுத்துதான். நான் அவரை என்ன சொல்ல? நான் கேட்கவே இல்லை. கேட்டவனையும் விரட்டிவிட்டேன். வேறு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கே, இந்த நம்பரை அசைக்காத மாத்திரை இருக்கு, மதுரையில சொன்னா மாத்தி எழுதிக் குடுப்பாங்க" என்றார். எங்கள் லேபுக்குக் கீழே இருக்கிற மருந்துக்கடையிலேயே அது இருந்தது.

பிரேதப் பரிசோதனையில் எடுத்து அனுப்பியதன் ரசாயன ரிப்போர்ட் அக்டோபரில் வந்தது. வயிற்றிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை, ஒரு சொட்டு மது இல்லை. நகல் எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போனேன். அந்த மருந்துப்பெட்டித் தாளையும் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு, நான் சொன்னது தப்பு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "செத்தவன் செத்துட்டான். இனி அதைக் கிளறி ஊருக்கு என்ன வரப்போவுது? உனக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம்" என்றார். அப்புறம், "நல்லவேள வந்த. புதுசா மூணு பேரைக் குடி டெஸ்டுல போட்டிருக்கோம். திங்கக்கெழம அனுப்பட்டா?" என்றார்.

"அனுப்பாதீங்க" என்றேன். "நான் செய்ய மாட்டேன்."

"நீ இல்லாட்டி வேற லேபு" என்றார்.

கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். கோயில்பிள்ளை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "அப்ப எனக்கு வாடை அடிக்காதது சரிதானா?" என்று கேட்டார். சரிதான் தாத்தா என்றேன். அன்றைக்கு நீ சொன்னதை நான் ஏன் கேட்டேன் என்று அவர் தன்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தார். என்னைத் திட்டட்டும் என்றுதான் நான் சொன்னேன்.

மிச்சம் மதினிதான். அடுத்த ஞாயிறு தொண்டிக்குப் போனேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவள் வீட்டு வாசலில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வா என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் குடிக்கவில்லை, மாத்திரையால்தான் ஏறியது, எண்ணை இறக்க மாத்திரையை நிறுத்தியிருக்கிறான், அதனால்தான் வலிப்பு வந்தது, அவன் என்னிடம் கேட்டான், நான்தான் துரத்திவிட்டேன்.

மதினி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் வந்த அன்னைக்கே அவுக சொன்னாக. 'ஒரு மாசம் நிப்பாட்டிப் பாத்தேன், பாதியா எறங்கிருச்சு, அப்ப மாத்திரைதான்'னு. தங்கச்சிக்கிட்டச் சொல்லி வேற மாத்திரை வாங்குங்கன்னேன். கேக்கல. பழைய மாத்திரையும் போடல, எப்ப வேணும்னாலும் திரும்ப டெஸ்டு எடுப்பாகன்னு பயம்."

"ஏன் மதினி? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருந்தா..."

"நானும் அதத்தான் கேட்டேன்." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "'ஊரு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்ன பிள்ள. இப்பத் தப்புன்னு தெரிஞ்சா தல தூக்கி நடக்க முடியுமா? வேலையில ஏதும் சொல்லிப்புட்டா? நமக்குத்தான் எல்லாம் சரியாயிருச்சே, விடு'ன்னாக."

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். மதினி எழுந்து போனாள். போகும்போது திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டுப் போ" என்றாள்.

நான் சாப்பிடவில்லை. அண்ணன் மேல் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடி பாதகத்தி, நீ சொன்னது தப்புடி என்று லேபில் பத்துப் பேர் முன்னால் கத்தியிருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைக் கிழித்து என் மூஞ்சியில் வீசியிருக்கலாம். நாலு அறை அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். என் மானம் போகக் கூடாதென்று அவன் போய்விட்டான்.